சங்கிலி எந்தப் பக்கம்

— ஐஸ்காரி வரமாட்டா கிங்ஸ்லி. எழுதி வச்சுக்க.

— சிம்பிள் மேட்டர் விஷாலு. போஸ்டர்ல ஒத்தக்கண்ணு தகாராவுக்குப் பின்னாடி நீலமா ஒரு கை தெரியுது. நீலக்கை வேற எவளுக்கு இருக்கு?

— அது கையில்ல. புகை.

— புகைக்கு அஞ்சு வெரலு இருக்குமாக்கும்.

— வெளங்கும். நீ பாத்தது எவனோ பெயிண்ட்ல வரஞ்சு ஏத்திவிட்ட போஸ்டரு. ஃபோரம் பூராம் அப்பிடித்தான் கெடக்கு. கணக்கு என்ன? ரெட் பகோடா ஆளுக பன்னெண்டு, ஹார்பர் கிங்ஸ் ஆளுக பன்னெண்டு. ரெண்டு கம்பெனி ஆளுகளும் மொத மொதல்ல ஒரே வீடியோ கேம் ஆட்டத்துல அடிச்சுக்கப் போறாங்க. அதுல ஐஸ்காரிக்கு ஒரு எடம் குடுத்துட்டா மொட்டைச்சாமிய எங்கன கொண்டு வைப்பான்?

— மொட்டைச்சாமிக்குன்னு ரசிகன் தேவாரத்துல நீ ஒருத்தன், ஜப்பான்ல அவரப் பெத்த ஆத்தா ஒருத்தி. வேற யாரு கேட்டா?

— நண்டுக்கையனாச்சும் வருவானா?

— வருவான். தகாரா கண்ணைக் குத்துனவனே நண்டுக்கையந்தான்னு சுருளி ஒரு கதை வச்சிருக்கான்ல. ரெண்டு ஆட்டமும் வேற வேற கம்பெனி செஞ்சது, ஒருத்தனுக்கு ஒருத்தன் மொகமே தெரியாது. அவன் எப்பிடிடா கண்ணைக் குத்துவான்னு கேட்டா, அந்தக் கப்பலு இந்தத் தீவுக்கு ஒரு தடவ வந்துச்சுன்னு நோட்டுல படம் போட்டுக் காட்டுறான்.

— அந்த நோட்டு நல்லாத்தான் இருக்கும்லே. ஏலக்காய்க் கடையில நாள் பூராம் தரம் பிரிச்சுப்புட்டு, வீட்டுக்குப் போயி எப்பிடித்தான் வரைவானோ. சரி, ஆளுக லிஸ்ட் பேஜ் வந்துச்சா?

— பாதி வந்து நிக்கிது. மேல தலைப்பு மட்டும் வந்திருக்கு. ஆளுக படம் ஒண்ணும் எறங்கல. மேக்கால மழை கட்டுனாலே போடியில நெட்டு படுத்துக்கிரும்.

— எட்டு மாசம் காத்துக் கெடந்தவங்க ஒரு மணி நேரம் பொறுக்க மாட்டமா. ஆமா, சுருளி எங்க? லிஸ்ட் வர்ற அன்னைக்கு மொத ஆளா வந்து ஒங்க நெட் சென்டர் ஷட்டர நாந்தான் தூக்குவேன்னான். நாலு நாளா ஆளக் காணோம்.

— மொரிட்டா சான் ஏதாச்சும் வேல குடுத்திருப்பாரு.

— சிரிக்காதலே. மொரிட்டா சானே நீதான்.

— நாமன்னு சொல்லு. ஆட்டம் செய்யிற கம்பெனியில இருந்து ஒரு பெரிய மனுசன் சுருளிக்கு மெயில் போட்டா எப்பிடி இருக்கும்னு மொதல்ல கேட்டது யாரு? இங்கிலீஷ் மட்டுந்தான் என்னோடது.

— நான் ஒரு நாள் சிரிக்கிறதுக்குக் கேட்டேன். நீ அஞ்சு மாசமா இழுத்துட்ட.

— நீ சிரிக்கவே இல்லையாக்கும். செவப்புத் துண்டக் கழுத்துல போட்டுக்கிட்டு போடி பஸ் ஸ்டாண்டுல நில்லு, எங்க போட்டோக்காரர் வருவாருன்னு எழுதுனோம். உச்சி வெயில்ல மூணு மணி நேரம் நின்னான். எதுத்த டீக்கடையில ஒக்காந்து வயித்தப் புடிச்சுக்கிட்டது எவன்?

— நாந்தான். இல்லைங்கல.

— ஒத்தப் புருவத்த வழிச்சுட்டு போட்டோ அனுப்புன்னது?

— அதும் நான் சொன்னதுதான். வழிச்சுட்டு நேரா இங்கனதான் வந்தான். ஜப்பான்ல கேட்டாகடா, காரணமில்லாமக் கேக்க மாட்டாகன்னு பெருமையாச் சொன்னான். அது வரைக்கும் சரி கிங்ஸ்லி. அவுகப்பா விசயம் வேணாம்னு நான் சொன்னேன்.

— அது அவனா எடுத்துக் குடுத்தது. ஒரு புது ஆள வரஞ்சு அனுப்பு, ஆட்டத்துல சேத்துக்கிருவோம்னுதான் எழுதுனேன். செத்துப்போன அப்பன வரஞ்சு அனுப்புவான்னு நான் என்ன ஜோசியமா பாத்தேன்? காக்கிச் சட்டை, இடுப்புல கயிறு, கையில கட்டிங் பிளேயரு. கம்பத்து உச்சியில நின்னு மின்னல அள்ளி வீசுறாரு. பேரு சங்கிலி. கரண்ட் ஆபீஸ் லைன்மேன் ஒருத்தரு தகாராவோட மோதுறாரு. சிரிப்பு வராம என்ன செய்யும்?

— சங்கிலி எந்தப் பக்கம் வருவாருன்னு எங்கிட்ட தெனமும் கேப்பான். பகோடாவா, ஹார்பரா. ஹார்பர்தான்டா, அங்கனதான் கூலிக்காரங்க இருக்காங்கன்னு சொன்னா மூஞ்சி வாடிரும். எங்கப்பா சாமி கும்புடாமக் கம்பத்துல கால வைக்க மாட்டாரு, பகோடாக் கோயில் பக்கந்தான் நிப்பாருன்னுவான்.

— அதுக்குத்தான் ரகசிய ஆளா ரெண்டு பக்கமும் வருவாருன்னு மொரிட்டாவ விட்டு எழுதிச் சமாதானம் பண்ணிவிட்டேன். அன்னைக்கு நமக்கெல்லாம் பால்கோவா வாங்கிக் குடுத்தான், மறந்துட்டியா?

— அதோட விட்டியா நீ? ஒங்கப்பா கம்பத்துல இருந்து எப்பிடி விழுந்தாரு, கை எப்பிடி மடங்குச்சு, வாய் தெறந்திருந்துச்சா மூடியிருந்துச்சா, எல்லாத்தையும் எழுது, ஆட்டத்துல தோக்குறப்ப அதே மாதிரி விழ வைக்கணும்னு கேட்ட. நாலு பக்கம் எழுதுனான். எழுதி அனுப்பிட்டு அந்த மூல மிஷின்ல தலையக் கவுத்துக்கிட்டு ஒக்காந்திருந்தான். நீ இங்கன ஒக்காந்துக்கிட்டு அத வாசிச்சுச் சிரிச்ச.

— நீயும் பக்கத்துலதான நின்ன.

— நின்னேன்.

— அப்ப வாய மூடு. யாரோ படியேறி வர்றாங்க.

— உள்ள வரலாமாண்ணே?

— வா தங்கச்சி, வா. விஷாலு, தெரியலையா? நம்ம சுருளி தங்கச்சி, கயலு. பாலிடெக்னிக்ல கரண்டு படிப்பு முடிச்ச புள்ள. என்னம்மா, பிரிண்ட் எடுக்கணுமா?

— இல்லண்ணே. எங்கண்ணன் மெயிலத் தெறந்து பாக்கணும். பாஸ்வேர்டு இருக்கு. நீங்க ரெண்டு பேரும் கூட இருந்தா நல்லது.

— அவன் எங்கம்மா? லிஸ்ட் வர்ற நாளும் அதுவுமா.

— மெட்ராஸ்ல இருக்குண்ணே.

— மெட்ராஸ்லயா? அங்கன என்ன வேல அவனுக்கு?

— செவ்வாக்கெழம சாயங்காலம் பஸ் ஏறிருச்சு. அப்பாவோட காக்கிச் சட்டையப் போட்டுக்கிட்டு, வரஞ்ச படத்தையெல்லாம் சுருட்டி எடுத்துக்கிட்டு. ஆத்தா கால்ல விழுந்துச்சு. நான் திரும்பி வாரப்ப அப்பா டிவிக்குள்ள நிப்பாரு ஆத்தான்னுச்சு. ஆத்தாவுக்கு ஒண்ணும் வெளங்கல. எங்க போறன்னு கேட்டா சொல்லக் கூடாதுன்னு உத்தரவுன்னு சொல்லிருச்சு.

— யாரு உத்தரவு?

— மொரிட்டான்னு ஒருத்தராம். ஜப்பான்ல இருந்து மெட்ராஸுக்கு வந்திருக்காராம். வியாழக்கெழம காலையில பத்து மணிக்கு, கடக்கரைப் பக்கம் ஏதோ பெரிய ஓட்டல்ல அண்ணனப் பாத்து, படத்த வாங்கிக்கிட்டு வேலைக்கு எடுத்துக்கிருவாருன்னு மெயில் வந்துச்சாம். ஏண்ணே, ஒருத்தர ஒருத்தர் ஏன் பாத்துக்கிறீக?

— ஒண்ணுமில்லம்மா. நீ சொல்லு. ஓட்டல்ல என்னாச்சு?

— வாசல்லயே காவக்காரன் நிறுத்திட்டான். மொரிட்டாவப் பாக்கணும், எங்கப்பாவ ஆட்டத்துல சேக்குறாகன்னு சொல்லிருக்கு. பழைய காக்கிச் சட்டை, ஒத்தப் புருவம், கையில சுருட்டுன தாளு. பைத்தியம்னு நெனச்சுத் தள்ளிவிட்டிருக்கான். அண்ணன் நகரல. மூஞ்சி செவந்த வெளிநாட்டு ஆளுக கார்ல வந்து எறங்குனா ஓடிப்போயி படத்த விரிச்சுக் காட்டிருக்கு. மூணாந்தடவ காவக்காரன் படத்தைப் புடுங்கி சாக்கடையில போட்டுட்டான். எறங்கி எடுத்திருக்கு. அப்பா மொகம் மட்டும் கரஞ்சு போச்சாம்.

— வெளங்குமா இது. அன்னைக்கே கெளம்பி வந்திருக்கலாம்ல?

— வரலைண்ணே. தேதிய நாந்தான் தப்பா வாசிச்சுட்டேன் போல, மொரிட்டா சான் தப்பு செய்ய மாட்டாருன்னு போன்ல சொல்லுது. நேத்தும் போயி நின்னுச்சு. இன்னைக்கும் நிக்கிது.

— வியாழக்கெழமைன்னா... அன்னைக்கு அவனுக்கு வேற ஏதோ இருந்துச்சே. சொல்லிக்கிட்டே இருந்தானே கிங்ஸ்லி.

— இருந்துச்சுண்ணே. அப்பா செத்து ரெண்டு வருசம் கழிச்சு இப்பத்தான் கரண்ட் ஆபீஸ்ல இருந்து வாரிசு வேலைக்குக் கடுதாசி வந்துச்சு. வியாழக்கெழம பத்து மணிக்கு சர்டிபிகேட்டோட நேர்ல வரணும், வராட்டி விருப்பமில்லைன்னு எடுத்துக்கிருவோம்னு போட்டிருந்தாக. ஆத்தா அண்ணன் பேரத்தான் எழுதிக் குடுத்திருந்துச்சு.

— கரண்டுக்குப் படிச்சது நீயில்ல?

— ஆம்பளப் புள்ள அதுதானண்ணே.

— அந்தக் கடுதாசியையும் விட்டுட்டா மெட்ராஸ் போனான்?

— ஆபீசுக்கு இன்னொரு நாள் போய்க்கிரலாம், ஜப்பான்காரரு இன்னொரு நாள் வருவாரான்னு போன்ல கேட்டுச்சு. அதுக்கு என்ன சொல்றது.

— அப்ப அந்த வேல?

— அண்ணனுக்கு இல்லைன்னு ஆயிருச்சு. கொஞ்சம் பொறுங்கண்ணே, அண்ணந்தான் கூப்புடுது. அலோ. சாப்புட்டியா? மொதல்ல சாப்புடு. ஆத்தா ஒண்ணும் வைய்யல. அழுகாதண்ணே, நீ அழுதா எனக்குத் தாங்காது. இனி அந்த வாசலுக்குப் போகாத, பஸ் ஏறி வா. வேல போனாப் போகுது, நான் இருக்கேன்ல. எவன் எழுதுனான்னு விசாரிக்கத்தான் வந்திருக்கேன். ஆமா, கிங்ஸ்லியண்ணன் கடையிலதான். அவுகளும் ரொம்ப வருத்தப்படுறாக. வச்சிர்றேன்.

— விஷாலு, கொஞ்சம் வெளிய வா. ஒரு வார்த்தை.

— இங்கனயே பேசுங்கண்ணே. மொரிட்டா யாருன்னு எனக்குத் தெரியும்.

— யாரு சொன்னா ஒனக்கு?

— யாரும் சொல்லல. நானே வாசிச்சேன். அப்பா வாய் தெறந்திருந்துச்சா மூடியிருந்துச்சான்னு கேட்டீகளே, அது வரைக்கும். தெறந்துதாண்ணே இருந்துச்சு. அப்பா விழுந்தப்ப சோத்து வாளியோட நாந்தான் கீழ நின்னேன். அண்ணன் அங்கன இல்லவே இல்ல. எங்கிட்டக் கேட்டுத்தான் ஒங்களுக்கு எழுதுச்சு. கை எந்தப் பக்கம் மடங்குச்சு கயலுன்னு கேட்டுச்சு. மடக்கிக் காட்டுனேன்.

— தங்கச்சி, அது ஒரு வெளாட்டுக்கு...

— சரிங்கண்ணே. வெளாட்டுன்னே வச்சுக்கிருவோம்.

— கேளும்மா. பஸ் ஸ்டாண்டு, புருவம், அப்பா விசயம், எல்லாம் நாங்கதான். ஒத்துக்கிறேன். ஆனா மெட்ராஸுக்கு வரச் சொல்லி நான் எழுதல. ஏசப்பா மேல ஆணை. விஷாலு, நீ எழுதுனியா?

— நானா? எனக்கு இங்கிலீஷ்ல ஒரு வரி ஒழுங்கா வராதுன்னு ஒனக்குத் தெரியாதா? போன வாரம் நீதான சொன்ன, சுருளிய மெட்ராஸ் வரைக்கும் ஓடவிட்டுப் பாக்கணும்னு.

— அது பேச்சுக்குச் சொன்னது.

— நீ பேச்சுக்குச் சொன்னது எது நடக்காமப் போயிருக்கு?

— மொரிட்டா மெயில் பாஸ்வேர்டு ஒனக்கும் தெரியும்ல. எவன்கிட்டயாச்சும் குடுத்து எழுதி வாங்கியிருப்ப. அவனுக்குச் சர்க்கார் வேல வரப்போகுதுன்னு கேட்ட நாள்ல இருந்து ஒன் மூஞ்சியே சரியில்ல. நீ இன்னமும் ஒங்கய்யா தோப்புல தென்ன மட்ட பொறுக்குறவன்.

— ஏலே, வார்த்தைய அளந்து பேசு.

— சண்ட வேணாம்ணே. இந்தாங்க, அண்ணன் மெயில் தெறந்திருச்சு. கடைசியா வந்தது இதுதான். சத்தமா வாசிங்க கிங்ஸ்லியண்ணே.

— "யூ கம் மெட்ராஸ் பீச் பிக் ஹோட்டல். நெக்ஸ்ட் வீக் தர்ஸ்டே டென் மார்னிங். ஐ கிவ் ஜாப். பிரிங் ஃபாதர் பிக்சர். வேர் ஃபாதர் ஷர்ட். டோண்ட் ரிப்ளை. டோண்ட் டெல் ஃப்ரெண்ட். ஐ வெரி ஹேப்பி." இது என் இங்கிலீஷுதான். ஜப்பான்காரன் மாதிரி வேணும்னே தப்புத் தப்பா எழுதுறது. ஆனா நான் எழுதலையே.

— வேர் ஃபாதர் ஷர்ட்டுன்னா அப்பன் சட்டையப் போட்டுக்கிட்டு வான்னுதான அர்த்தம்? இத ஒன்னத் தவிர வேற எவன் எழுதுவான் கிங்ஸ்லி. ஒனக்கு நெஞ்சுல ஈரமே கெடையாதா?

— நான் எழுதலைங்கறேன்ல. நீ எழுதிட்டு எந்தலையில கட்டாத.

— எனக்கு ஒண்ணே ஒண்ணுதாண்ணே வேணும். நாளைக்கு அண்ணன் வந்து எறங்கும். யாரு செஞ்சதுன்னு கேக்கும். மொரிட்டா பேருல வந்த நாப்பத்தியொரு மெயிலையும் நாங்க ரெண்டு பேருந்தான் எழுதுனோம்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.

— நாப்பதுதாம்மா எங்களோடது.

— நாப்பத்தியொண்ணுண்ணே.

— முடியாது. செய்யாததுக்கு நான் எதுக்கு எழுதணும்?

— சரிங்கண்ணே. அப்ப நான் கீழ ஒங்கப்பா கடையில போயி ஒக்காந்துக்கிறேன். ஒங்கப்பா ராஜமணி ஐயா தேனியில சரக்கு எடுத்துட்டு வர்ற வரைக்கும் இருக்கேன். சபைக் கமிட்டியில இருக்கிறவுக, நியாயம் தெரிஞ்சவுக. அண்ணன் எழுதுன நாலு பக்கத்தையும் அவுககிட்ட வாசிச்சுக் காட்டிட்டு, அங்கயிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன்.

— எழுதிக் குடுத்துரு கிங்ஸ்லி.

— நீ செஞ்சதுக்கு நான் கையெழுத்துப் போடணுமா?

— நீ செஞ்சதுக்குத்தான் நான் போடுறேன். எழுது.

— ஒன்னோட சேந்ததுக்கு எனக்கு இதும் வேணும். இந்தா, எழுதியாச்சு.

— தேதியும் போடுங்கண்ணே. விஷாலண்ணே, நீங்க பேருக்குக் கீழ தேவாரம்னு ஊரையும் எழுதுங்க. போதும். குடுங்க.

— எங்கய்யாவுக்குத் தெரிஞ்சா வீட்டுல சேக்க மாட்டாரு தங்கச்சி.

— அண்ணனுக்கு மட்டுந்தான் காட்டுவேன். அது நம்புனாப் போதும். அங்கன பாருங்க, ஒங்க லிஸ்ட்டு எறங்கிருச்சு.

— லிஸ்ட்டு கெடக்கட்டும் தங்கச்சி.

— பாக்கலையாண்ணே? எட்டு மாசமாக் காத்திருந்தீகளே. நானே வாசிக்கிறேன். இருபத்திநாலு பேரு. ஐஸ்காரி இருக்கா. மொட்டைச்சாமி இல்ல. எங்கப்பாவும் இல்ல.

— தங்கச்சி, கையெழுத்துப் போட்டாச்சு. இனிப் பொய் சொல்லி எனக்கு ஆகப்போறது ஒண்ணுமில்ல. எங்க குலசாமி மேல சத்தியமா அந்த மெயில நான் எழுதல. இவன் மூஞ்சியப் பாத்தா இவனும் எழுதலைன்னுதான் இப்பத் தோணுது.

— தெரியும்ணே.

— என்ன தெரியும்?

— நீங்க ரெண்டு பேரும் எழுதலைன்னு. பத்து நாளைக்கு முன்னாடி நான் பிரிண்ட் எடுக்க வந்தேன். கிங்ஸ்லியண்ணன் சாப்பாட்டுக்குப் போற அவசரத்துல மொரிட்டா மெயில மூடாமப் போயிட்டாக. அவுக வர்றதுக்குள்ள நாப்பதையும் வாசிச்சுட்டேன். இங்கிலீஷத் தப்பா எழுதுறது எப்பிடின்னு அன்னைக்குத்தான் படிச்சேன். ஒண்ணு எழுதி அனுப்பிட்டு, அனுப்புன தடத்தையும் அழிச்சுட்டேன்.

— கயலு... நீயா?

— ஆமாண்ணே.

— சுருளிகிட்ட சொல்லிருவேன். தாள நீ வச்சுக்க, எனக்கென்ன. மெட்ராஸுக்கு இழுத்துவிட்டது ஒந் தங்கச்சிதான்டான்னு அவன் மூஞ்சிக்கு நேரச் சொல்லிருவேன்.

— சொல்லுங்கண்ணே. நாப்பது எழுதுனவுக நாப்பத்தியொண்ணாவது எழுதலைன்னு சொன்னா, நம்புனா நம்பட்டும்.

— இவன விடு தங்கச்சி. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. நாங்களாச்சும் சிரிக்கிறதுக்குச் செஞ்சோம். கூடப் பொறந்தவன அப்பன் சட்டையோட ஓட்டல் வாசல்ல நிக்க வச்சு நீ என்னத்தக் கண்ட?

— வாரிசு வேலைக்கு வீட்டுக்கு ஒரு ஆளத்தாண்ணே எடுப்பாக. வியாழக்கெழம பத்து மணிக்கு, சர்டிபிகேட்ட எடுத்துக்கிட்டு ஆத்தாவையும் கூட்டிக்கிட்டு அந்த ஆபீசுக்குப் போனது நான்.